பெட்டியடியில் மூன்று வருடம்

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பி.இ. சிவில் முடித்து இரண்டு வருடம் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தாராம், கிடைக்கவில்லை. அப்பா கொத்தனார். இப்போது சென்னையில் ஒரு கான்ட்ராக்டரிடம் 17,000 சம்பளத்தில் சைட் இன்ஜினியர் வேலை வந்திருக்கிறது. மாமா, "டெஸ்ட் அடித்துவிட்டுச் சிங்கப்பூர் போ" என்கிறார், அதாவது கட்டுமானத் தொழிலாளிக்கான திறன் தேர்வை எழுதிவிட்டு. இன்னொரு பக்கம், 60,000 கட்டினால் ஐந்து சாஃப்ட்வேர் சொல்லித் தருவதாக ஒரு சென்டர். கூடப் படித்தவர்கள் ஐ.டி.க்கு மாறுகிறார்கள். தனியாரில் சிவிலுக்கு வாழ்க்கை உண்டா, எதைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அந்த 17,000-ஐப் பேசிவிடலாம். உங்களை உறுத்துவது அதுதான். உங்கள் அப்பா இன்றைக்கு நாள் கூலி 1,000 ரூபாய்க்குக் குறையாமல் வாங்குவார். மாதம் இருபது நாள் வேலை இருந்தாலே உங்கள் சம்பளத்தைத் தாண்டிவிடுவார். நாலு வருடம் படிக்கவைத்த பிள்ளை தன்னைவிடக் குறைவாக வாங்குவதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஊர் சொல்லும். நான் சேர்ந்தபோதும் சொன்னது. என் சம்பளம் அன்றைக்கு 2,800.

ஏன் இவ்வளவு குறைவு? கொத்தனார் காலையில் வந்தால் சாயங்காலம் ஒரு சுவர் நிற்கிறது. அதை அளந்து பில் போடலாம். புதிதாக வந்த இன்ஜினியர் சாயங்காலம் எதை நிறுத்திவைத்தார் என்று முதலாளிக்குத் தெரியாது. உண்மையில் முதல் வருடம் அவருக்கே தெரியாது. அந்த நிலை எப்போது மாறுகிறது என்பதுதான் விஷயம். சிலருக்கு இரண்டு வருடத்தில் மாறிவிடும். பத்து வருடமாகியும் ஹெல்மெட் போட்ட மேஸ்திரியாகவே நிற்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பையும் நிறையப் பார்த்துவிட்டேன், வித்தியாசம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கணக்கு.

என் அப்பா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கு எழுதியவர். அவர் காலத்துக்குள் பர்மாவும் மலாயாவும் பழங்கதையாகிவிட்டன, பழைய பேரேடுகள் மட்டும் பெட்டியில் இருந்தன. செட்டியார்கள் கடல்கடந்து வட்டித்தொழில் செய்த, அவர்கள் சொல்லில் 'கொண்டுவிற்கப் போன', அந்த ஊர்க் கடைகளில் ஒரு பையன் முதலில் பெட்டியடிப் பையனாகத்தான் சேருவான். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பது, எழுதுவது, ஓடுவது. அதற்குப் பிறகுதான் அடுத்தாள், அதற்கும் மேலே போனால் மேலாள். மூன்று வருடத் தவணை முடிந்து ஊர் திரும்பும்போது கையில் பெரிய பணம் இருக்காது. ஆனால் ஐந்தொகை, அதாவது கடையின் மொத்த வரவு செலவு இருப்புக் கணக்கு, போடத் தெரிந்திருக்கும். அது தெரிந்தவனைத்தான் அடுத்த தவணைக்கு உயர்த்தி அனுப்புவார்கள். எனக்கு வேலை கிடைத்தபோது அப்பா சொன்னது, "நீ இப்ப பெட்டியடிக்குப் போறே, அங்க என்ன எழுதுறாங்கன்னு பாரு." பி.இ. படித்தவனிடம் இதென்ன பேச்சு என்று அன்றைக்குக் கோபம் வந்தது.

சேர்ந்த பத்தாவது மாதம் எனக்கு விளங்கியது. பெரிய குடியிருப்பு ஒன்று, 300 கதவுகள். பூச்சு வேலைக்கு அளவெடுத்து பில் தயாரிக்கச் சொன்னார்கள். கதவு இருக்கும் இடத்தில் பூச்சு கிடையாது, ஆகவே சுவரின் இரண்டு பக்கமும் கழித்தேன். நியாயமாகத்தானே தெரிகிறது? பில்லிங் பார்த்த பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஐ.எஸ். 1200 படிச்சிருக்கியா?" என்றார். கட்டட வேலையை எப்படி அளப்பது என்று சொல்லும் இந்தியத் தர விதி அது. அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையிலான திறப்புகளுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்கவேண்டும். பக்கவாட்டுப் பூச்சுக்குத் தனியாகக் கேட்கமுடியாது, அதற்கு ஈடு இது. 0.9-க்கு 2.1 கதவு 1.89 சதுர மீட்டர். முந்நூறு கதவுக்கு 567. அன்றைய விலை சதுர மீட்டருக்கு 60 ரூபாய். ஆக நான் கம்பெனிக்கு வைத்த நஷ்டம் 34,020. என் ஒரு வருடச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட! பெரியவர் திட்டவில்லை. தப்பைத் திருத்தி அனுப்பிவிட்டு, மறுநாளிலிருந்து என்னைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அதாவது பெட்டியடியில்.

அதனால் 17,000 வேலையை எடுக்கலாமா என்று கேட்டால், அங்கே போய் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து எடுக்கலாம் என்பேன்.

சைட்டில் நடக்கும் ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்கிறேன். 1,200 சதுர அடித் தளம், ஐந்து அங்குலக் கனம். மீட்டரில் 111.5 சதுர மீட்டருக்கு 125 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 13.9 கன மீட்டர் கான்கிரீட். சென்ட்ரிங் முட்டு சரியாக நிற்காமல் தகடு தொய்ந்து, சராசரிக் கனம் 140 ஆகிவிட்டது என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றரை சென்டிமீட்டர். கான்கிரீட் 15.6 போய்விடும். 1.67 கன மீட்டர் கூடுதல். ரெடிமிக்ஸ் கன மீட்டர் 5,000 என்று வைத்தால் 8,000 ரூபாய்க்கு மேல். கட்டடத்தின் சொந்தக்காரர் வரைபடத்தில் உள்ள 125-க்குத்தான் பணம் தருவார். இப்படிப் பன்னிரண்டு தளம் போட்டால் ஒரு லட்சம் ரூபாய் கான்கிரீட்டாக உறைந்து தலைக்கு மேலே நிற்கும்.

"கான்கிரீட் நல்லபடியா முடிஞ்சது சார்" என்று போன் செய்பவர் ஒருவர். "13.9 வரணும், 15.6 போயிருக்கு, முட்டு ரெண்டு இடத்துல இறங்கியிருக்கு, அடுத்த தளத்துக்கு முன்னாடி மாத்தணும்" என்று சொல்பவர் இன்னொருவர். இரண்டாமவரை எந்த முதலாளியும் விடமாட்டார். விட்டாலும் அடுத்த கம்பெனி எடுத்துக்கொள்ளும்.

கம்பியும் அப்படித்தான். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பி 0.888 கிலோ. இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். லாரியில் வந்த எடை, பார் பெண்டிங் ஷெட்யூலில் (எந்தக் கம்பியை எவ்வளவு வெட்டி வளைப்பது என்ற பட்டியல்) வெட்டச் சொன்ன எடை, மூலையில் கிடக்கும் துண்டுக் கம்பியின் எடை, இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை ஒரே தாளில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்களா? அதைச் செய்தால் கம்பி எங்கே போகிறது என்று தெரியும். சில சமயம் யார் எடுத்துப் போகிறார் என்றும் தெரிந்துவிடும், அங்கே கொஞ்சம் பதமாக நடந்துகொள்ளவேண்டும்.

கணக்கு என்றதும் பணம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தரமும் கணக்குதான். மேலே சொன்ன 14 கன மீட்டர் தளத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்வது இரண்டு சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று க்யூப் (அச்சில் வார்த்த கான்கிரீட் கட்டி), 28 நாள் கழித்துப் பலம் சோதிக்க. ஆறு க்யூபும் ஒரே லாரியில் எடுத்து, தேதி போடாமல், வெயிலில் கிடந்தால் அது சாம்பிளே இல்லை. எந்த லாரியின் கான்கிரீட் தளத்தின் எந்தப் பகுதியில் போனது என்று எழுதிவைத்தவர், 28-ஆம் நாள் ஒரு க்யூப் பலம் குறைந்தால் அந்தப் பகுதியை மட்டும் பார்ப்பார். எழுதாதவர் தளம் முழுவதையும் சந்தேகப்படவேண்டும். ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம் எல்லாம் அப்பாவிடமே கற்றுக்கொள்ளலாம், என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார். கொத்தனார் மகன் என்பது இந்தத் தொழிலில் பெரிய முதல். மட்டக்குழாயைப் பிடிக்கத் தெரியாமல் நின்று வேலையாட்கள் சிரித்த அனுபவம் எனக்கு உண்டு, உங்களுக்கு வராது.

சரி, எந்த மாதிரி கம்பெனி?

எல் அண்ட் டி போன்ற பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கல்லூரி வளாகத்திலேயே புதியவர்களை எடுத்துவிடும். படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆனவருக்கு அந்த வாசல் நேராகத் திறப்பது கடினம். ஆனால் பக்கவாட்டில் ஒரு வழி இருக்கிறது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வழித்தடம், சுமார் 118 கிலோமீட்டர். பெரிய பெயர்கள் முன்னால் நிற்கும், அவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர்கள், சர்வே பார்ப்பவர்கள், ஆய்வகம் நடத்துபவர்கள், ஆலோசகர்களுக்கு ஆள் அனுப்புபவர்கள் என்று ஒரு ஊரே இருக்கும். கீழே மூன்று வருடம் நன்றாக வேலை பார்த்தவரை மேலே இருப்பவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் அறிந்த பலர் அப்படித்தான் உள்ளே போனார்கள்.

இன்னொன்று, பெரிய திட்டத்தில் உங்கள் உலகம் சின்னதாகிவிடும். இரண்டு வருடம் பைலிங் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்கள்) மட்டுமே பார்த்துவிட்டு வருபவர் உண்டு, படிக்கட்டுக்குக் கம்பி கட்டி ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார். நாற்பது ஆள் வைத்து அடுக்குமாடி கட்டும் சின்னக் கான்ட்ராக்டரிடம் மூலை பிடிப்பதிலிருந்து சிமென்ட் வரவழைப்பது, மேஸ்திரிக்குச் சனிக்கிழமை கூலி கணக்குப் போடுவது வரை எல்லாம் உங்கள் தலையில் விழும். முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். கட்டுமான மேற்பார்வை மட்டும் செய்யும் பி.எம்.சி. நிறுவனங்கள் சம்பளம் கொஞ்சம் கூடத் தரும், சட்டை அழுக்காகாது. ஆனால் வேலையைச் செய்துபார்க்காமல் அடுத்தவர் வேலையில் குறை எழுதப் பழகினால் அது ஒரு கெட்ட பழக்கமாகப் படிந்துவிடும். ஐந்து வருடம் கழித்துப் போங்கள்.

சேருவதற்கு முன்னால் கேட்கவேண்டியவை உண்டு. கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள். ரூமும் சாப்பாடும் யார் பொறுப்பு? அவர்கள் பொறுப்பென்றால், தங்குவதற்கும் உண்பதற்கும் நீங்களே செலவழிக்கவேண்டிய 25,000 சம்பளத்தைவிட இந்த 17,000 மேல். பி.எஃப். பிடிக்கிறார்களா? பணத்துக்காக மட்டுமல்ல, பின்னால் யாராவது "இந்த அனுபவம் நிஜமா" என்று கேட்டால் பி.எஃப். கணக்குதான் சாட்சி. வேலை உத்தரவு எழுத்தில் உண்டா? பில்லிங் யார் பார்க்கிறார், அவரோடு உட்கார விடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியை நேர்முகத்தில் கேட்கும் பையனை நானாக இருந்தால் உடனே எடுப்பேன். ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். "இங்கேயே பத்திரமா இருக்கும் தம்பி" என்பார்கள். நான் கொடுத்தேன். மூன்று மாதச் சம்பளம் பாக்கி, வேறு வேலை வந்தும் போகமுடியவில்லை, சான்றிதழ் முதலாளியின் பீரோவில். திரும்ப வாங்குவதற்குள் அந்த வேலையை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

மாமா சொல்லும் சிங்கப்பூர். இதில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். நம் பக்கம் டெஸ்ட் அடித்துப் போவது புதிதல்ல, அதில் வீடு கட்டியவர்கள், தங்கை கல்யாணம் முடித்தவர்கள் தெருவுக்கு நாலு பேர். குடும்பத்தில் கடன் நெரிக்கிறது என்றால் போங்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் டெஸ்ட் அடித்துக் கிடைப்பது தொழிலாளிக்கான ஒர்க் பர்மிட். நாலு வருடம் கழித்துத் திரும்பும்போது உங்கள் பி.இ.க்கு நாலு வருட இன்ஜினியர் அனுபவம் சேர்ந்திருக்காது, கம்பி கட்டிய அனுபவம்தான் சேர்ந்திருக்கும். அங்கேயே சூப்பர்வைசராக உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை, அது நீண்ட படி. எஸ் பாஸில், அதாவது தொழிலாளிக்கு மேல்நிலையில் உள்ள ஊழியருக்கான அனுமதியில், போவது வேறு கதை. அதற்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 3,300 சிங்கப்பூர் வெள்ளி. "எஸ் பாஸ் வாங்கித் தர்றேன், நாலு லட்சம் கொடு" என்று ஒருவர் வந்தால், அந்தச் சம்பளத்தை அந்தக் கம்பெனி உண்மையிலேயே உங்கள் கையில் கொடுக்கப்போகிறதா, காகிதத்தில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று அங்கே இருப்பவர் ஒருவரிடம் விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

வளைகுடாவுக்கு மூன்று நாலு வருட அனுபவத்தோடு போனால் இன்ஜினியராகவே போகலாம். நான் அப்படித்தான் போனேன், ஆறு வருடம். இப்போது காகிதம் கூடிவிட்டது. சவுதியில் இன்ஜினியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். குவைத்தில் உங்கள் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா என்று பார்க்கிறார்கள். இதனால் அங்கே பல வருடமாக வேலையில் இருந்தவர்கள்கூடச் சிக்கலில் மாட்டினார்கள். நீங்கள் படித்த வருடங்களில் உங்கள் கல்லூரியின் சிவில் துறைக்கு அது இருந்ததா என்று இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் எடுத்தபின் கேட்பதில் பயன் இல்லை.

60,000 கட்டும் சாஃப்ட்வேர் படிப்பு வேண்டாம். ஐந்தும் தெரியும் என்று பயோடேட்டாவில் எழுதியவரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்தச் சாஃப்ட்வேரில் நீங்கள் செய்த ஒரு வேலையைக் காட்டுங்கள்." பெரும்பாலும் எல்லாரும் ஒரே மாடல் வீட்டைத்தான் காட்டுகிறார்கள், சென்டர் கொடுத்தது. எக்ஸெல் நன்றாக வேண்டும், ஆட்டோகேட் வேண்டும், இரண்டையும் இரண்டு மாதத்தில் சொற்பக் காசில் கற்றுக்கொள்ளலாம். வேலைக்குக் கால அட்டவணை போடும் பிரைமவேரா பிறகு. ஒரு மாடி முடிக்க உண்மையில் எத்தனை நாள் ஆகிறது, மழை வந்தால் எது நிற்கிறது, சென்ட்ரிங் எத்தனை செட் இருந்தால் அடுத்த தளத்துக்கு மாற்றலாம் என்றெல்லாம் தெரியாதவர் பிரைமவேராவில் வரைவது கோலம்தான்.

சைட்டே பிடிக்கவில்லை, வரைவதுதான் பிடிக்கிறது என்றால் அதற்கு மரியாதையான வழி இருக்கிறது. வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு இரும்புச் சட்டங்களின் விவரப் படம் வரையும் அலுவலகங்கள் சென்னையில் நிறைய, அதற்கான டெக்லா சாஃப்ட்வேர் தெரிந்தவர்களை எடுப்பார்கள். ரெவிட் சாஃப்ட்வேர் தெரிந்தவர்களுக்கு, கட்டடத்தை முழுவதுமாகக் கம்ப்யூட்டரில் மாதிரியாக உருவாக்கும் பிம் அலுவலகங்கள். ஐ.டி.க்குப் போகும் நண்பர்களைப் பார்த்து மனம் அலைகிறதென்றால், கட்டடமும் கம்ப்யூட்டரும் சேரும் இந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டிசைன் இன்ஜினியர் ஆவது வேறு. அதற்கு எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இல்லாமல் இப்போது உள்ளே நுழைவது கஷ்டம், கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதி நல்ல இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகையும் உண்டு. இரண்டு வருடம் தேர்வுக்குப் படித்திருக்கிறீர்கள் அல்லவா, பாடம் இன்னும் மறந்திருக்காது, கேட் எழுதுவது உங்களுக்கு அவ்வளவு தூரமில்லை. ஆனால் கணக்குப் பாடமும் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸும் உங்களுக்கு ருசித்ததா? ருசிக்கவில்லை என்றால் எம்.இ. இன்னொரு இரண்டு வருடத் தள்ளிப்போடல்தான்.

டிஎன்பிஎஸ்சியைத் தொடரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். சைட் வேலை காலை எட்டுக்கு ஆரம்பித்துக் கான்கிரீட் நாளில் நள்ளிரவு வரை போகும். இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன் என்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறார்கள். சென்ற முறை ஓரிரண்டு மதிப்பெண்ணில் போனது என்றால் இன்னும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, உட்காருங்கள். வெகு தூரத்தில் நின்றது என்றால் புத்தகத்தை எடுத்துவைத்துவிடுங்கள். நேர்முகத்தில் "இந்த இரண்டு வருடம் என்ன செய்தீர்கள்" என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள். அதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. போலி அனுபவச் சான்றிதழ் வாங்கி அந்த இடைவெளியை நிரப்புவதுதான் குற்றம், இரண்டாவது கேள்வியில் குட்டு உடைந்துவிடும்.

நம் ஊரிலேயே ஏதாவது செய்யமுடியாதா என்று அம்மா கேட்பார். முடியும், இப்போது இல்லை.

நான் ஊர் திரும்பிக் காரைக்குடியில் அலுவலகம் போட்டபோது புதுவீடு கட்டித் தருவதுதான் திட்டம். ஆனால் பாதி நாள் பழைய வீடுகளில் போகிறது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, கோட்டையூர், கடியாபட்டி என்று எந்தத் தெருவில் நடந்தாலும், ஒரு வீடு ஹோட்டலாகப் பளபளக்கும், பக்கத்து வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், அரசமரம் முளைத்திருக்கும். இன்னொன்றின் தேக்குத் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் சாய்த்துவைக்கப்பட்டிருக்கும். செட்டிநாட்டுக் கிராமங்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே சேர்த்தாகிவிட்டது. இதையெல்லாம் பார்த்துப் பழுதுநீக்கும் இன்ஜினியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இங்கே நானே ஒரு பாவம் செய்திருக்கிறேன். சொந்தக்காரர் ஒருவரின் பழைய வீட்டில் ஈரம் ஏறிய சுவரை, காரையைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசிக்கொடுத்தேன். காலேஜில் படித்த ஞானம் அவ்வளவுதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும், மூச்சுவிடுவது மாதிரி. சிமென்ட் அந்த மூச்சை அடைத்துவிட்டது. உப்பு உள்ளேயே தங்கி, இரண்டு மழைக்காலத்தில் பூச்சு அப்பளமாகப் பொரிந்து விழுந்தது. கூடவே செங்கலின் மேல்தோலும் வந்துவிட்டது. பிறகு ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டிவந்தேன். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, ஒவ்வொரு பூச்சாகக் காயவிட்டுத் தேய்த்தார். எனக்குக் கணக்குப் போடத் தெரிந்தது, அவருக்கு வேலை தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால்தான் இந்தத் தொழில். அப்படிப்பட்ட கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் அப்பாவுக்குச் சுண்ணாம்பு வேலை தெரியுமா? தெரிந்தால் அதை எழுதிவையுங்கள், விகிதத்தோடு, நாள் கணக்கோடு.

ஆனால் இதை நம்பி முதல் வருடமே இறங்கிவிடாதீர்கள். வேலை வருவதும் பணம் வருவதும் மெதுவாக. வீட்டுக்கு இருபது பங்காளிகள், ஒருவர் சென்னை, ஒருவர் அமெரிக்கா, கையெழுத்து ஆவதற்குள் உத்தரம் இறங்கிவிடும்.

இதைவிடச் சீராக வேலை தருவது கான்கிரீட் பழுதுநீக்கம். தொண்டியிலிருந்து மண்டபம் வரை கடற்கரையோரம் கம்பி துருப்பிடித்து வெடிக்காத பழைய கட்டடம் குறைவு. அரிப்பைப் பற்றி ஆராயும் செக்ரி நிறுவனம் நம் காரைக்குடியிலேயே 1953 முதல் இருக்கிறது, மண்டபத்தில் அவர்களுக்குச் சோதனை நிலையமும் உண்டு. நாம் அந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டிப் பேருந்தில் போய்க்கொண்டே இருக்கிறோம். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனையில் −350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே அரிப்பு நடப்பதற்கான வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்று படிக்கத் தெரிந்த, கான்கிரீட்டின் பலத்தைத் தட்டிப்பார்க்கும் ரீபவுண்ட் ஹாம்மர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் நாலு மாவட்டத்துக்கு வேலை செய்யலாம்.

ஐந்து வருட அனுபவம் சேர்ந்தபின் இன்னொரு கதவு, நிலம்–கட்டட மதிப்பீட்டாளர். ஐ.பி.பி.ஐ. (மதிப்பீட்டாளர்களைப் பதிவுசெய்யும் மத்திய அமைப்பு) தேர்வு எழுதிப் பதிவு செய்யலாம், சிவில் பட்டத்தோடு ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். உள்ளாட்சியில் பதிவுபெற்ற பொறியாளராகிப் படம் வரைந்து அனுமதி வாங்கித் தருவதும் ஊர்ப் பக்கம் நிலையான வருமானம். 2024-லிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீடுகளுக்குச் சுயசான்று முறையில் அனுமதி கிடைப்பதால் வெறும் படம் போடுபவருக்கான தேவை குறையலாம். கட்டியும் கொடுக்கத் தெரிந்தவருக்குக் குறையாது.

"பெண் பிள்ளையை சைட்டுக்கு அனுப்பலாமா" என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் அதிகம், உங்கள் வகுப்பிலும் பெண்கள் இருந்திருப்பார்கள், அவர்களுக்காக இரண்டு வரி. என் அக்கா மகள் ரெடிமிக்ஸ் ஆலையின் ஆய்வகத்தில் ஆரம்பித்தாள், பிறகு ஒரு அடுக்குமாடித் திட்டத்தில் தரக்கட்டுப்பாடு, இப்போது அளவீட்டுப் பிரிவில் சீனியர். சைட்டில் சுத்தமான கழிப்பறை உண்டா என்பதை அவள் நேர்முகத்திலேயே கேட்பாள். இல்லை என்று சொன்ன இரண்டு இடங்களை வேண்டாமென்று வந்துவிட்டாள். ஆண்களும் கேட்கலாம்.

ஆகவே, தம்பி, நான் சொல்வது: மேலே எழுதிய நாலு கேள்விக்கும் ஓரளவு நல்ல பதில் வந்தால் சென்னைக்குப் போங்கள். முதல் வருடம் வேலையாட்களோடு, இரண்டாம் வருடம் கம்பி, கான்கிரீட் கணக்கோடு, மூன்றாம் வருடம் பில்லிங் மேசையில். வரிசை மாறினாலும் பரவாயில்லை, மூன்றையும் தொடாமல் கம்பெனி மாறாதீர்கள். ஒரு வருடத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம் கூட்டித் தருகிறார்கள் என்று தாவிக்கொண்டே இருப்பவர்கள் முப்பது வயதில் ஐந்து கம்பெனியின் அடையாள அட்டையோடு அதே சைட் இன்ஜினியராக என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலை பார்க்கும் வீட்டுக்கு அவரோடு போங்கள். ஒரே ஒரு அறையை டேப் பிடித்து அளந்து, செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை, எம் சாண்ட் எத்தனை யூனிட், கூலி எத்தனை நாள் என்று நீங்களாகக் கணக்குப் போடுங்கள். முடித்தபின் அப்பாவிடம் வாய்க்கணக்காகக் கேளுங்கள். இரண்டும் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். அனேகமாகச் சிமென்டில் இடிக்கும், அப்பா சொல்வது சரியாக இருக்கும். ஏன் என்று புரியவில்லை என்றால் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.